கீழ்வீட்டு ஷிண்டர்

தன் முதற்பெயரை அவர் என்னிடம் சொன்னதில்லை. ஜெர்மனியில், ஹாம் என்ற ஊரில் ஒரே கட்டடத்தில் பல வருடம் இருந்தோம். அவர் கீழ்வீட்டில், நாங்கள் மூன்றாம் மாடியில். யாரைக் கண்டாலும் கையை நீட்டி, "ஷிண்டர்" என்பார். குடும்பப் பெயர் மட்டும். பிறகு நீட்டிய கையை விடாமலே கேட்பார்.

"அது என்ன தொழில் எண்டு தெரியுமோ?"

அவர் பேசியது ஜெர்மன். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

கை கொடுத்தவர் ஜெர்மன்காரர் என்றால் முகம் ஒரு மாதிரிப் போகும். அவர்களுக்கு அர்த்தம் தெரியும். எங்களைப் போல வெளியிலிருந்து வந்த ஆளென்றால் தெரியாது. தெரியாத ஆள் கிடைத்தால் அவருக்குச் சந்தோஷம். தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துச் சொல்லுவார்.

ஷிண்டர் என்றால் தோல் உரிப்பவர். செத்த மாட்டையும் குதிரையையும் ஊருக்கு வெளியே இழுத்துக்கொண்டு போக வேண்டும். தோலை உரித்து எடுத்துவிட்டு மிச்சத்தைப் புதைக்க வேண்டும். தெருநாய் பிடிப்பதும் மலக்குழி வாருவதும் அவர்கள் வேலைதான். தூக்குப் போட்டுச் செத்த ஆளைக் கயிற்றிலிருந்து இறக்கவும் அவர்களைத்தான் கூப்பிடுவார்களாம்.

"எங்கடை ஆக்கள் தெற்கிலை இருந்து வந்தவை. இந்தப் பக்கம் இதே வேலைக்கு ஃபில்லர் எண்டு பேர். வடக்கிலை ராக்கர். நாத்தம் எல்லா இடமும் ஒண்டுதான்."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். மேல்வரிசை முழுக்கக் கட்டிய பல்.

"நாங்களோ இந்தப் பேரை வைச்சது? பாதிரியார் எழுதினவர். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைக் கொண்டு போயிருப்பினம். ஆற்றை பிள்ளை எண்டு அவர் கேட்டிருப்பார். தோல் உரிக்கிறவன்ரை எண்டு ஆரோ சொல்லியிருப்பினம். பாதிரியார் அதை அப்பிடியே எழுதிப் போட்டார்."

கட்டட வாசலில் அழைப்பு மணிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் பெயர். அவர் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டு போவார். மியுல்லர், மா அரைக்கிறவர். ஷ்ரோடர், தையற்காரர். கோஸ்டர், கோயிலில் மணி அடிக்கிறவர். விரல் என் மணிக்கு வரும். நிற்கும்.

அங்கே என் சொந்தப் பெயரை மட்டும்தான் ஒட்டியிருந்தேன். குடும்பப் பெயர் இல்லை. தபால்காரரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"இது உன்னை அம்மா கூப்பிடுற பேர்," என்பார். "மற்றது எங்கை, நாஹ்பார்?"

நாஹ்பார் என்றால் அயலவர். குடும்பப் பெயர் தெரியாததால் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

எனக்கு அவரைக் கண்டால் பயம்.

நல்ல மனிதர். ரயில்வேயில் பெட்டி கோர்க்கிற வேலை செய்து ஓய்வு பெற்றவர். பனி கொட்டினால் எல்லாருக்குமாக வாசலை வழித்துவிடுவார். என் மகள் அவரை ஓப்பா என்றுதான் கூப்பிட்டாள், தாத்தா என்று. ஆனாலும் பயம். ஏனென்றால் அவர் கேட்ட கேள்வியும் எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வியும் ஒன்று. எங்கள் ஆட்கள் சுற்றிக் கேட்பார்கள். "ஊரிலை எவ்விடம்? எந்தக் கோயிலடி? இன்னாரைத் தெரியுமோ?" நாலாவது கேள்வியில் சாதிக்கு வந்துவிடுவார்கள். இவர் நேரே தொழிலைக் கேட்டார்.

என் அப்பாவின் பெயர் கந்தன். அப்பப்பா வைத்த பெயர் கந்தையா. பதியப் போன இடத்தில் பதிவுகாரர், "உங்களுக்கென்ன கந்தையா? கந்தன் காணும்" என்று எழுதினாராம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் இப்படித்தான். பொன்னையா பொன்னன். வேலாயுதம் வேலன். யாழ்ப்பாணத்து ஆள், என் வயதுக்கு மேற்பட்டவர், இந்த மாதிரித் தகப்பன் பெயரைக் கேட்டால் போதும், சாதி விளங்கிவிடும். மிச்சம் சொல்லத் தேவையில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது அகதிகளைப் பதிகிற கந்தோரில் இரண்டு பெயர் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயரையும் சொன்னேன். அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி விட்டார்கள். எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் நடந்தது. ஒருவர் குமாரசாமி ஆனார், ஒருவர் செல்லத்துரை ஆனார். நான் கந்தன் ஆனேன். மனைவியும் கந்தன். மகளும் கந்தன். தமிழ் ஆட்களுக்குள் இது வெளியே வராது. அங்கே மகளுக்குத் தகப்பன் பெயரைத்தான் கேட்பார்கள், அது என் சொந்தப் பெயர். ஜெர்மன் கடதாசிகளில் மட்டும் அது இருந்தது. நான் அதை அங்கேயே இருக்க விட்டேன்.

மகளின் ஒரு பிறந்தநாளுக்கு ஆட்களைக் கூப்பிட்டிருந்தோம். மனைவி காலையிலேயே சொன்னாள்.

"உந்தக் கீழ்வீட்டு ஆள் வாசல்லை நிண்டால் என்ன செய்யிறது? ஆக்களைப் பின்பக்கத்தாலை கூட்டிக்கொண்டு வாங்கோ."

பின்பக்கக் கதவு பூட்டியிருந்தது. அவர் வாசலில்தான் நின்றார். வந்தவர்களில் ஒருவர், எனக்குத் தெரிந்த அண்ணை, கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு முழுக் கதையும் கேட்டார். ஊருக்கு வெளியே குடியிருப்பு. தேவாலயத்தில் கடைசி வாங்கு. சாராயக் கடையில் தனிக் குவளை, ஆணியில் தொங்கும். தெரியாமல் அவர்களோடு குடித்த கைவினைஞனைச் சங்கத்திலிருந்து தள்ளி விடுவார்கள். பிள்ளைகள் தங்களுக்குள்ளேதான் கட்ட வேண்டும். ஆனால் எலும்பு முறிந்தால் ஊரார் பொழுதுபட ஒளித்து வந்து கட்டுப் போடுவித்துக்கொண்டு போவார்கள்.

"ஐயோ, என்ன அநியாயம்!" என்றார் அண்ணை. உண்மையாகவே கண் கலங்கினார். "உங்கடை நாட்டிலையுமோ?"

"சட்டம் போட்டுப் பாத்தவை. சனம் கேக்கேல்லை," என்றார் ஷிண்டர். "நீங்கள் என்ன தொழில்காரர்?"

"நாங்கள் கமம். பரம்பரையாக் காணி பூமி உள்ள ஆக்கள்."

"அப்ப பவுவர், கமக்காரர். பாதி ஜெர்மனி அதுதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவர் மட்டும் சொல்லுறாரில்லை. இவர் என்ன?"

அண்ணை என்னைப் பார்த்தார். அவரும் அந்தக் கேள்வியை மூன்று வருடமாகக் கேட்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"ரோல்ஸ் ஆறுது. வாங்கோ," என்று மேலே ஏறினேன். 

அண்ணை படியில் வரும்போது சொன்னார். "நல்ல பகிடிக்கார மனுசன் உவர். நல்லாச் சாப்பாடு குடுத்து விடுங்கோ." அண்ணை போகும்போது ஷிண்டர் வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போய், கோப்பி குடித்துவிட்டுப் போனார். என் வீட்டில் அவர் எதையும் வாயில் வைக்கவில்லை. வயிறு சரியில்லையாம்.

ஷிண்டருக்கு ஒரு தம்பி இருந்தார். கல்யாணம் கட்டும்போது மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டவர். இங்கே அப்படிச் செய்யலாம். அவரைப் பற்றி ஷிண்டர் கோபமாகப் பேசமாட்டார். இரக்கமாகத்தான் பேசுவார்.

"ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் அவனுக்கு வயித்துவலி. மாமன் வீட்டிலை ஆரும் பழைய பேரைக் கேட்டிடுவினமோ எண்டு. என்னையும் கூப்பிடமாட்டான். நான் போனால் சொல்லிப் போடுவனாம்."

"சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன்.

"கேட்டால் சொல்லுவன். என்னாலை ஒளிக்க ஏலாது."



இவ்வளவு பயந்த நான்தான் அவரிடம் சொன்னேன். அப்பா செத்த கிழமை. ஊரில் சண்டை நேரம், பாதை பூட்டு. போக வழியில்லை. செய்தி வந்து சேர்ந்தபோது எரித்தும் முடிந்திருந்தது. நான் நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு முன்னால் இருந்தேன். மெசின் நின்று எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஷிண்டர் கூடையோடு வந்தார்.

"ஆர்?" என்றார்.

"அப்பா."

"பேர்?"

"கந்தன்."

"என்ன தொழில்?"

வேறு நாளென்றால் எழும்பிப் போயிருப்பேன். அன்றைக்குச் சொன்னேன். செத்த வீடுகளுக்குப் பறை அடித்தவர். பெரிய வீட்டுச் சாவென்றால் விடிய வந்து கூப்பிடுவார்கள். படலைக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். பிரேதத்துக்கு முன்னால் சுடலை வரைக்கும் அடித்துக்கொண்டு போக வேண்டும். ஊரிலே அவர் அடிக்காத சாவு இல்லை. முற்றத்துக்குள் கால் வைத்ததும் இல்லை.

ஷிண்டர் தொப்பியைக் கழற்றினார்.

"எங்களுக்குப் பெட்டி தூக்க ஒருத்தரும் வரமாட்டினம்," என்றார். "பெண்சாதிமார்தான் தூக்கினவையாம்." கூடையைக் கீழே வைத்துவிட்டு, "அவருக்கு ஆர் அடிச்சது?" என்று கேட்டார்.

"தெரியாது."

அவர் மெசினைத் திறந்து என் ஈர உடுப்பை எடுத்து உதறிக் கொடியில் போட்டார். மனைவியின் சேலையை எப்படிப் போடுவது என்று தெரியாமல் இரண்டு தரம் மடித்துப் பார்த்தார்.

அடுத்த நாள் காலை எனக்குத் தலை விறைத்துவிட்டது. சொல்லிவிட்டேன். ஒளிக்க ஏலாத மனிதரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் அதைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. அழைப்பு மணியில் விரல் வைத்துக்கொண்டு வருவார். என் மணி வந்ததும் விரலைத் தூக்கி அடுத்ததில் வைப்பார். ஆனாலும் ஒவ்வொரு தமிழ் முகமும் வாசலில் தெரியும்போது நான் யன்னலுக்கு ஓடினேன். எத்தனையோ வருடம்.

மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அவளே விரும்பிய பெடியன். அவளோடு படித்தவன், பான் என்ற ஊரில் இருந்த குடும்பம். பெடியனுக்கு அவள் குடும்பப் பெயர் தெரியும். இங்கே பிறந்தவன், அவனுக்கு அது வெறும் பெயர். பெடியனின் தகப்பன் சாது. தாய்தான் எல்லாம். தாய்க்கும் மேல் அவவின் தம்பி, பெடியனின் மாமன். அவர் விசாரிக்காமல் விடமாட்டார் என்று கேள்விப்பட்டேன்.

ஊரில் விசாரிப்பதென்றால் நாலு வீட்டுக்குப் போய், தண்ணீர் கேட்டு, கதை கொடுத்துப் பார்ப்பார்கள். மாமன் அதைத்தான் ஹாமில் செய்தார். ஒரு சனிக்கிழமை பகல் நான் பேக்கரி வேலை முடிந்து வருகிறேன். வாசலில் ஷிண்டர். எதிரே மாமன். படத்தில் பார்த்திருந்தேன். நான் குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

ஷிண்டர் தன் கதையைச் சொல்லி முடித்திருந்தார். மாமன் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல ஜெர்மன் பேசினார்.

"நீங்கள் பேர்களிலை பெரிய கெட்டிக்காரர் போலை. மூண்டாம் மாடித் தமிழ் ஆள், அவற்றை குடும்பப் பேர் என்ன? மணியிலை இல்லையே?"

ஷிண்டர் மணிகளில் வைத்திருந்த விரலை எடுத்தார்.

"ஏன் கேக்கிறீர்?"

"கலியாண விசயம்."

"ஓ. கலியாணம்." அவர் மாமனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "அந்தக் காலத்திலை எங்கடை வீட்டைப் பற்றியும் இப்பிடி வந்து கேப்பினமாம். எங்களிட்டை இல்லை, பக்கத்து வீட்டிலை."

மாமன் சிரித்தார். அவருக்கு விளங்கவில்லை.

 குப்பைத் தொட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் இடையில் விழ நினைத்தேன். போகவில்லை.

"தெரியாது," என்றார் ஷிண்டர். "எத்தினையோ வருசம் கேட்டுப் பாத்தன். சொல்லுறாரில்லை. ஆனால் நல்ல மனுசன்."

மாமன் போனபிறகு நான் தொட்டிக்குப் பின்னாலிருந்து வந்தேன். ஷிண்டர் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. முகம் சிவந்திருந்தது.

"பேர் விசயத்திலை நான் பொய் சொன்னதில்லை," என்றார். "இண்டைக்குச் சொன்னன். எனக்கு நல்லாயில்லை, நாஹ்பார்."

"நன்றி," என்றேன்.

"நன்றி வேண்டாம். பதிவு அலுவலகத்திலை என்ன செய்யப் போறாய்? அங்கை பதிவுகார அம்மா சத்தமா வாசிப்பா. முழுப் பேர். ரண்டு பேற்றையும். எல்லாரும் இருக்கத்தக்கதா. அங்கை நான் வந்து பொய் சொல்ல ஏலாது."

எனக்கு அது தெரியாது. எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் என்றால் தாலி கட்டுவதுதான். பதிவை எழுத்து என்போம். யாரோ இரண்டு பேர் சாட்சிக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருகிற காரியம். என் எழுத்துக்கும் ஆட்கள் வரவில்லை. மண்டபத்தை எண்ணினேன், சாப்பாட்டை எண்ணினேன், அழைப்பிதழில் என்ன பெயர் வரும் என்று எண்ணினேன். எழுத்தை நினைக்கவில்லை.

மனைவியிடம் சொன்னேன்.

"ஜெர்மன்காரி வாசிக்கிறது ஆருக்கு விளங்கப்போகுது?" என்றாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஷிண்டர் ஒரே ஒரு தரம் சொன்னார். "முந்திப்போய் நீயே அவையிட்டைச் சொல்லு." நான் போகவில்லை. போனை எடுப்பேன், வைப்பேன்.

எழுத்தும் மண்டபமும் ஒரே நாளில் வைத்தார்கள். அதனால் பெடியன் பக்கத்து ஆட்கள் வானில் காலையிலேயே வந்து இறங்கினார்கள். எல்லாரும் பதிவு அலுவலகத்துக்கு வந்தார்கள். மாமன் முதல் வரிசையில். மகள் ஷிண்டரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தாள். ரயில்வேக்காரரின் பழைய கறுப்புக் கோட்டுப் போட்டு வந்தார். எனக்குப் பக்கத்தில் இருந்தார். யாருக்கும் கை கொடுக்கவில்லை. தன் பெயரையும் சொல்லவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவரும் பயந்திருக்கிறார் என்று விளங்கியது. அது என் பயத்தைக் கூட்டியது.

பதிவுகார அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தா. பெடியனின் பெயர். பிறகு என் மகளின் பெயர், கந்தன். சத்தமாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி. மாமனின் கழுத்துத் திரும்பியது. முழுவதும் திரும்பவில்லை. பாதி.

மகள் பெடியனின் பெயரை எடுப்பாள் என்று நம்பியிருந்தேன். அதோடு முடிந்துவிடும் என்று. அந்த அம்மா சொன்னா, இருவரும் தங்கள் தங்கள் பெயரையே வைத்துக்கொள்கிறார்கள் என்று. மறுபடியும் வாசித்தா. கந்தன்.

பிறகு ஒரு நாள் மகளிடம் ஏன் என்று கேட்டேன். "என்ரை பேர்தானே அப்பா," என்றாள். வேறு காரணம் சொல்லவில்லை.

கையெழுத்து வைத்தார்கள். கை தட்டினார்கள். வெளியே படியில் படம் எடுத்தார்கள். மகளும் பெடியனும் முதல் காரில் மண்டபத்துக்குப் போனார்கள். மாமன் என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணை, கந்தன் ஆர்?"

"என்ரை அப்பா."

"ஊரிலை என்ன செய்தவர்?"

முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கேள்விக்கு ஓடியவன். பல பதில் வைத்திருந்தேன். கடை வைத்திருந்தவர். கந்தோரில் பியோன். ஷிண்டர் இரண்டு படி கீழே நின்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன கேள்வி என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"செத்த வீட்டுக்குப் பறை அடிச்சவர்," என்றேன்.

மாமன் தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, கேட்டியளோ?"

"கேட்டன்," என்றா அவ. சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு வானுக்குப் போனா. மற்றவர்களும் போனார்கள். மண்டபத்துக்கா, திரும்பி வீட்டுக்கா, தெரியவில்லை.

நான் காரை ஓட்டினேன். மனைவி பின்னால் இருந்தாள். ஷிண்டர் எனக்குப் பக்கத்தில்.

"என்ன கேட்டவன்?"

"பேர்."

"சொன்னியோ?"

"ஓம்."

"தொழிலும்?"

"அதுவும்."

அவர் மண்டபம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்து வாசலில் கார்கள் நின்றன. எங்கள் பக்கத்துக் கார்களா, அவர்கள் பக்கத்துக் கார்களா, என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வானைத் தேடினேன். காணவில்லை. மனைவி இறங்கி விறுவிறு என்று மகளிடம் போய்விட்டாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். கை விடவில்லை.

"நான் பாக்கட்டோ?" என்றார் ஷிண்டர்.

"பாருங்கோ."

அவருக்கு முழங்கால் சரியில்லை. மெல்ல மெல்லப் போனார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றார். உள்ளே யாரோடோ பேசினார். நிறைய நேரம் நின்ற மாதிரி இருந்தது. நான் அந்த முதுகையே பார்த்தேன். அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வந்தார். என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"கொஞ்சப் பேர்தான் இருக்கினம்," என்றார். "வான் ரண்டு பேரை இறக்கிவிட்டுப் போயிட்டுது. அந்தக் கேள்வி கேட்டவனும் போயிட்டான். கன கதிரை சும்மா கிடக்கு. பெடியன்ரை தகப்பன் மூலையிலை நிக்கிறார். தாய் முன்னுக்கு இருக்கிறா. சாப்பாடு எப்ப தருவினம் எண்டு என்னட்டைக் கேட்டவ."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன்.

"பசியாம்," என்றார். "இறங்கு, கந்தன்."

என்னை அவர் அந்தப் பெயரால் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.  இறங்கினேன்.